வேர்வைக்குப் பயந்து நடையை நிறுத்தாதே, மக்கா

"தெனமும் வேர்த்தா முடி கொட்டும்லா அக்கா?"

வடசேரி அண்ணா ஸ்டேடியத்தில் காலையில் நடக்க வரும் பிள்ளைகள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தக் கேள்வி வராமல் போகாது. சிலர் கேட்பதோடு சரி, நடையை விடமாட்டார்கள். சிலரை அடுத்த வாரத்திலிருந்து காணவே காணோம். கல்யாணம் நிச்சயமான பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். "முடி போச்சுன்னா பொறவு வருமா?" என்று அம்மையே வாசலில் நின்று தடுத்துவிடுவாள்.

இந்தப் பயம் நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சர்ஜன் ஜெனரல் என்ற தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ரெஜினா பெஞ்சமின் 2011-ல் அட்லாண்டாவில் நடந்த முடி அலங்காரக் கண்காட்சிக்கே நேரில் போனார். தலை கலைந்துவிடும் என்று உடற்பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்று அங்கே பெண்களைக் கேட்டுக்கொண்டார். கறுப்பினப் பெண்களிடம் அந்த நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், முடிக்காக உடற்பயிற்சியைத் தவிர்த்தது உண்டு என்று பத்தில் நாலு பேர் வரை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் காசு செலவழித்து நேராக்கிய முடி சுருண்டுவிடும் என்ற கவலை. நமக்கு இடுப்பு வரை முடி, அது காய ஒரு மணி நேரம், எட்டேகாலுக்கு பஸ்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். வேர்வை முடியைக் கொட்ட வைக்காது. அது பெரும்பாலும் தண்ணீர், கூடக் கொஞ்சம் உப்பு. முடியின் வேர் தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே வழிகிற வேர்வை அங்கே இறங்கி ஒன்றும் செய்துவிடாது. கெடுதல் எல்லாம் வேர்த்த பிறகு வரும் அரைமணி நேரத்தில்தான் நடக்கிறது. நனைந்த முடியை அப்படியே சுருட்டிக் கொண்டை போடுவது, ரப்பர் பேண்டைப் பிடுங்கி எடுப்பது, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பரபரவென்று துவட்டுவது, ஈரத்தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்ப்பது, ஓடிவிட்டு வந்து ஒரு சாயாவோடு காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்வது. இதையெல்லாம் செய்துவிட்டுப் பழியை மட்டும் நடையின் மேல் போடுகிறோம்.

கையோடு வரும் முடியை எண்ணிப் பயப்படுவதும் வேண்டாம். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. இறுக்கக் கட்டிய சடைக்குள் உதிர்ந்த முடி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். அவிழ்த்துச் சீப்பு வைத்ததும் மொத்தமாகக் கையில் வரும். முடி நீளமாக இருந்தால் முப்பது இழை சேர்ந்தாலே பெரிய பந்தாகத் தெரியும். அந்தப் பந்தை விட்டுவிட்டு வகிட்டைப் பார். வகிடு முன்பைவிட அகலமாகிக்கொண்டு வருகிறதா, சடையின் கனம் கையில் குறைகிறதா, நெற்றியோரம் பின்வாங்குகிறதா? இவை இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும். இடுப்பைத் தொடும் சடை என்றால் அதன் நுனி ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் முளைத்தது. இன்று கல்லூரி முடிக்கும் பிள்ளையின் சடை நுனி அவள் பள்ளிக்கூடம் போகும்போது தலையோடு ஒட்டி இருந்த முடி. அத்தனை வருடச் சீப்பும் வெயிலும் சோப்பும் பட்ட நுனி பிளந்திருந்தால் எந்த எண்ணெயாலும் அதை ஒட்ட வைக்க முடியாது. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை ஒரு விரற்கடை வெட்டிவிடு. அம்மை ஏசினால் ஏசட்டும்.

கட்டுகிற விதம்

கபடிக்கும் அடிமுறைக்கும் சிலம்பத்துக்கும் போகிற பிள்ளைகளுக்கு முடியை இறுக்கிக் கட்டாமல் முடியாது. சடை கண்ணில் அடிக்கும், எதிராளி கையில் சிக்கும். கட்டுவதில் தப்பில்லை. பயிற்சி முடிந்த பிறகும் பள்ளிக்கூடம், டியூஷன், தூக்கம் என்று நாள் முழுக்க அதே இறுக்கத்தில் இருப்பதுதான் தப்பு. இழுபட்டுக்கொண்டே இருக்கும் வேர் மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் முதலில் முடி மெலியும். கிரீன்லாந்துப் பெண்கள் முடியை உச்சியில் இழுத்துக் கட்டி இப்படி முன்நெற்றி முடியை இழந்ததை 1907-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் கண்டுகொண்டு தளர்த்திவிட்டால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் விட்டால் வேர் தழும்பாகி, அந்த இடம் வழுவழுவென்று ஆகிவிடும். பிறகு எந்தத் தைலமும் எடுபடாது.

கட்டிய பிறகு புருவத்தை உயர்த்திப் பார். நெற்றித் தோல் சுண்டி இழுத்தால், காதோரம் சின்னச் சின்னப் பருபோல எழும்பினால், அது இறுக்கம் அதிகம். அவிழ்த்துக் கட்டு. ஒரு நாள் உயரத்தில் குதிரைவால் என்றால் மறுநாள் கழுத்துக்கு மேல் தாழ்ந்த பின்னல். ஒரே இடத்தில் தினமும் முடிச்சு விழக் கூடாது. மளிகைப் பொட்டலத்தில் வரும் ரப்பர் பேண்டைத் தலையில் போடுவதை இன்றோடு விட்டுவிடு. அது வேர்வையில் பிசுபிசுத்து முடியோடு ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது நாலு இழையை அறுத்துக்கொண்டுதான் வரும். துணி சுற்றிய பேண்ட் நல்லது. பழைய வாயில் சேலையின் கரையைக் கிழித்து ரிப்பனாகக் கட்டினால் அதைவிட நல்லது.

நடைக்கும் ஓட்டத்துக்கும் எனக்குப் பிடித்தது தளர்ந்த ஒற்றைப் பின்னல்தான். அதுவும் நம் ஊர்க் காற்றுக்கு. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற காற்று உன் முடியைச் சும்மா விடுமா? ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி பக்கமோ, சங்குத்துறை, சொத்தவிளைக் கடற்கரையிலோ விரித்த தலையோடு ஓடிவிட்டு வந்தால் சிக்கெடுக்கவே அன்றைய காலை போய்விடும். சிக்கோடு மல்லுக்கட்டுவதில் போகிற முடி எந்த வேர்வையிலும் போகாது. காற்றுக் காலத்தில் பின்னலைச் சுருட்டிச் செருகி மேலே ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொள். ஹிஜாப் போடும் பிள்ளைகள் உள்ளே போடும் தொப்பியைப் பருத்தியில் வைத்துக்கொள்ளுங்கள். நைலான் வேர்வையை உறிஞ்சாது. பயிற்சிக்கென்று ஒன்று, பிறகு மாற்ற ஒன்று என்று இரண்டு இருந்தால் தலை நாறாது.

எண்ணெய் எப்போது?

நம் மாவட்டத்தில் பிறந்த பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெயைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கறிக்கும் அதுதான், தலைக்கும் அதுதான். ஆனாலும் ஒரு விஷயம் உண்டு. மும்பையில் மாரிகோ கம்பெனியின் ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். கழுவும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறிப்பிடும்படி குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அதிலுள்ள லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, கிளையில்லாமல் நேரானது. அதனால் முடிக்கு உள்ளே போகிறது, மற்றவை மேலேயே நிற்கின்றன. தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனிதான் அது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சொன்ன காரணம் சரியான காரணம்.

அதனால் எண்ணெய் தலை குளிக்கும் முன்பு, முடியின் நீளத்துக்கு. முந்தின இரவு உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, காதுக்குக் கீழே இருக்கிற முடிக்கும் நுனிக்கும் தடவிப் பின்னிக்கொண்டு படு. காலையில் வேர்வையின் உப்பும், பிறகு தண்ணீரும் முடிக்குள் ஏறுவதை அது குறைக்கும். காலையில் நடக்கக் கிளம்பும்போது உச்சியிலிருந்து வழிய வழிய எண்ணெய் வைத்துக்கொண்டு போவதுதான் எனக்கு ஆகாது. எண்ணெயும் வேர்வையும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து தலையோட்டில் பிசினாக நிற்கும், நெற்றியில் வழிந்து பருவாக வெடிக்கும்.

பொடுகு இருக்கிறவள் கட்டாயம் இதைக் கேள். "பொடுகா, நல்லா எண்ணெ தேச்சு ஊறப் போடு" என்பாள் பக்கத்து வீட்டு மயினி. அதைச் செய்யாதே. தலையோட்டில் எல்லோருக்கும் இருக்கிற ஒரு பூஞ்சை அளவுக்கு மீறிப் பெருகுவதுதான் பொடுகு. அதன் தீனியே எண்ணெய்ப் பசைதான். எண்ணெய் விட்டால் செதில் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். அடியில் அது கொழுத்துக்கொண்டிருக்கும். பொடுகு அடங்கும் வரை தலையோட்டில் எண்ணெய் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இரண்டு முறை தேய்த்து, உடனே கழுவிவிடாமல் ஐந்து நிமிடம் வைத்திருந்து கழுவு. நாலு வாரத்தில் அடங்காவிட்டால் டாக்டரைப் பார்.

தலை குளிப்பதும் காய வைப்பதும்

தினமும் வேர்க்கிறது என்பதற்காகத் தினமும் ஷாம்பு போட வேண்டியதில்லை. எண்ணெய்ப்பசைத் தலை என்றால் ஒன்றுவிட்டு ஒரு நாள், வறண்ட தலை என்றால் வாரம் இரண்டு நாள் போதும். நடுவில் நன்றாக வேர்த்த நாட்களில் தலையோட்டுக்கு மட்டும் வெறும் தண்ணீர் விட்டு விரல் நுனியால் தேய்த்து அலசினாலே உப்பு போய்விடும். சடையை அவிழ்க்காமல் கொண்டையாகத் தூக்கி வைத்து, நெற்றியோரமும் பிடரியும் கழுவிக்கொள்வது வேலைக்குப் போகிறவளுக்கு நடைமுறைக்கு ஏற்ற வழி. வேர்வை அதிகம் தேங்குவதே அந்த இரண்டு இடத்தில்தான். வேர்வை உலர்ந்தபின் பிடரியில் கை வைத்தால் வெள்ளை உப்பு நெருடுவது தெரியும்.

ஷாம்பு இல்லாத நாளுக்குத் தாளி இருக்கிறதே! வீட்டுவேலியில் நிற்கும் செம்பருத்தியிலிருந்து ஒரு கை இலை பறித்துக் கழுவி, ஒரு கிண்ணம் தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வை. பிறகு அந்தத் தண்ணீருக்குள்ளேயே கையால் கசக்கிப் பிழி. மிக்ஸியில் அடிக்காதே, துணுக்கு தலையெங்கும் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் வரை கூட வரும். கசக்கக் கசக்கத் தண்ணீர் கொழகொழவென்று கெட்டியாகி விரலிடுக்கில் நூலாக வழியும். மெல்லிய துவர்த்துத் துண்டில் வடிகட்டித் தலையில் தேய்த்து அலசு. வேர்வையும் லேசான பிசுக்கும் போகும், முடி வழுக்கிக்கொண்டு சிக்கில்லாமல் வரும். ஆனால் எண்ணெய்க் குளியல் அன்று தாளியை நம்பாதே, அவ்வளவு எண்ணெயை எடுக்க அதற்குத் தெம்பு கிடையாது. அன்றைக்குச் சீயக்காயோ ஷாம்புவோதான்.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள், போர் தண்ணீரில் குளிக்கிறவர்கள் எல்லோருக்கும் உப்புத் தண்ணீர் மேல் ஒரு சந்தேகம். கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் கடினத் தண்ணீரிலும் வடித்த தண்ணீரிலும் முடியைப் பல நாள் நனைத்துச் சோதித்து 2013-ல் எழுதினார்கள். முடியின் வலுவிலும் இழுபடும் தன்மையிலும் வித்தியாசம் தெரியவில்லை என்பதே அவர்கள் கண்டது. முடி சொரசொரப்பாகும், சோப்பு நுரைக்காது, வெள்ளைப் பிசுக்கு படியும் என்பதெல்லாம் சரி. அதற்காகத் தலைக்கு சோப்பைப் போடாமல் இரு, சோப்புதான் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து பிசுக்காகும். கடைசி ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோ விட்டு அலசினால் போதும். இரண்டு மழைக்காலமும் வாய்த்த மாவட்டத்தில் மழைத் தண்ணீருக்கா பஞ்சம்?

நீச்சலுக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். குளத்திலோ கடலிலோ இறங்கும் முன் நல்ல தண்ணீரில் முடியை முழுக்க நனைத்து, நீளத்துக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி குளோரினையும் உப்பையும் குறைவாகவே உறிஞ்சும். ஏறியதும் அலசிவிடு.

காய வைப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஈரமுடி காய்ந்த முடியைவிட வலு குறைந்தது. இழுத்தால் கூடுதலாக நீளும், அப்படியே அறும். அந்த நேரத்தில் டர்க்கி டவலால் பரபரவென்று துவட்டுவதும், உச்சியிலிருந்து சீப்பை இழுத்துத் தேங்காய் நார் உரிப்பதுபோல் உரிப்பதும் நாம்தான். துவர்த்தை எடு. முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து அழுத்து, முறுக்காதே. தலையில் சுற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு அந்த நேரத்தில் தோசையைச் சுடு. பிறகு விரலால் கோதிப் பிரித்து, காற்றாடிக்குக் கீழே ஆத்து. பல் அகலமான சீப்பால் நுனியில் ஆரம்பித்து மேலே மேலே ஏறி வா. ஹேர் டிரையர் இருந்தால் சூடு குறைத்து ஒரு சாண் தள்ளிப் பிடி.

இவ்வளவுக்கும் காலையில் நேரம் இல்லையா? அப்படியென்றால் காலையில் தலை குளிக்காதே. அலசல் நாட்களைச் சாயங்கால நடைக்கோ விடுமுறை நாளுக்கோ மாற்றிக்கொள். ஈரத்தோடு பின்னி, மேலே தோவாளைப் பிச்சிப்பூவையும் வைத்துக்கொண்டு ஓடினால், மத்தியானம் சடைக்குள்ளிருந்து வருவது பூ மணமாக இருக்காது. ஸ்கூட்டரில் போகிறவளுக்கு இன்னும் மோசம். ஈரத்தலையின் மேல் ஹெல்மெட் என்றால் தலையோடு வெந்துபோகும். தலை காயும் வரை பொறு, இல்லையென்றால் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு ஹெல்மெட் போடு. ஹெல்மெட் உள்பஞ்சைக் கழற்ற முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. கழற்றி முகர்ந்து பார், சோப்புத் தண்ணீரில் ஊற வைக்க வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

சாப்பாடு

இதுவரை சொன்னதெல்லாம் தலைக்கு வெளியே. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. "ஜிம்முக்குப் போனேன், மூணு மாசத்துல முடி கொத்துக் கொத்தாப் போச்சு" என்று ஒரு பிள்ளை வந்தால் நான் முதலில் கேட்பது, "ஜிம்முக்குப் போன அன்னைக்கே சோத்தையும் நிறுத்திட்டியா?" என்றுதான். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

உடம்புக்கு வரும் தீனி திடீரென்று குறைந்தால் அது இருதயத்துக்கும் மூளைக்கும்தான் முதலில் படியளக்கும். முடி கடைசி வரிசை. வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் தலையிலேயே நின்றுவிட்டுப் பிறகு மொத்தமாக விழும். அதனால்தான் காரணம் பிடிபடுவதில்லை. சித்திரையில் பட்டினி கிடந்ததற்கு ஆடியில் முடி கொட்டும். காய்ச்சல், பிரசவம், அறுவைச்சிகிச்சை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கல்யாணத்துக்கு இளைக்க வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டை நிறுத்தினால், முடி கொட்டுவது சரியாக முகூர்த்தத்துக்கு வந்து நிற்கும். நல்ல செய்தி, காரணம் நீங்கினால் ஆறு மாதம் போல ஆனதும் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

அடுத்தது இரும்பு. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிலக்கில் போவதோடு ஓட்டமும் சேர்ந்தால் தேவை இன்னும் கூடும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடியும் கொட்டுகிறது என்றால் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். ஹீமோகுளோபின் சரியாக இருந்து சேமிப்பு மட்டும் காலியாகியிருக்கும் பிள்ளைகள் நிறைய. சாப்பிட்ட கையோடு சாயா குடிக்கும் நம் பழக்கம் சாப்பாட்டில் இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. முருங்கைக்கீரைத் துவரனில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடு, நெல்லிக்காய் ஒன்று கடி.

முடி என்பதே புரதம்தான். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. ஐம்பத்தைந்து கிலோ இருக்கிறவளுக்கு 45 கிராமுக்கு மேல். மரச்சீனிக் கிழங்கை மட்டும் அவித்துத் தின்றால் இது எட்டாது, கிழங்கில் இருப்பதெல்லாம் மாவு. அதனால்தானே நம் பாட்டிமார் கிழங்கோடு மீன் கறியைச் சேர்த்தார்கள்! சாளை மலிவு, சத்தும் அதில்தான். நெய்மீனுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. மீன் சேர்க்காத வீட்டில் கஞ்சியும் சிறுபயறும், கொண்டைக்கடலை, தயிர், முட்டை சேர்ப்பவர்களுக்கு முட்டை. காலை ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இதில் ஏதாவது ஒன்று வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

பயோட்டின் மாத்திரை வாங்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லாதே. பயோட்டின் குறைபாடு அபூர்வம். இல்லாத குறைக்கு மாத்திரை தின்பதில் லாபம் எதுவும் இல்லை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது மாற்றிக் காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. முடி கொட்டுகிறது என்று தைராய்டு பார்க்கப் போகிறவளே அந்த மாத்திரையைத் தின்றுவிட்டுப் போனால் எப்படி? போகும் முன் டாக்டரிடம் சொல்லிவிடு.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? காசு அளவில் வட்டமாக முடி போனால் காத்திருக்காதே. தலையோட்டில் சீழ், சிவப்பு, வலி இருந்தாலும் அப்படித்தான். மாதவிலக்கு தள்ளிப்போய், தாடையில் முடி முளைத்து, உச்சியில் மெலிந்தால் அது ஹார்மோன் விவகாரம், ஷாம்புவை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, பெரிய செலவு ஆகாது. போகும்போது கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், தின்ற மாத்திரை, குறைத்த எடை எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள். அன்றைக்கு மட்டும் தலையில் எண்ணெய் வைக்காதே, இறுக்கிப் பின்னாதே. டாக்டர் வகிடு பிரித்துப் பார்க்க வேண்டும்.